அந்த பேனருக்கு அனுமதி எண் எங்கே?

குன்னூர் சாலை வளைவில் ஒரு விழாவுக்குக் கட்டிய பேனரை நான் படம் எடுத்து இங்கே போட்டதிலிருந்து, பதிவை நீக்கு என்றும் மற்றவர்கள் வைத்தபோது ஏன் பேசவில்லை என்றும் பலர் என்னிடம் சண்டை போடுகிறார்கள். யாருடைய விழா, யார் வைத்த பேனர் என்பதையெல்லாம் மறுபடியும் எழுதப் போவதில்லை. என் கேள்வி ஒன்றுதான். எதிரே வரும் வண்டி தெரிவதற்காக நிறுத்தப்பட்ட வளைவுக் கண்ணாடியை முழுவதுமாக மறைத்துக் கட்டிய அந்த பேனருக்கு அனுமதி எண் எங்கே?

"சட்டம் தெரியுமா உனக்கு?" என்று கேட்டவருக்காகவே தேடிப் படித்தேன். பொது இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்கும் 1959 ஆம் ஆண்டுச் சட்டம், 2011 ஆம் ஆண்டின் டிஜிட்டல் பேனர் விதிகள், 2023 இல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள், இவற்றுக்கு நடுவே உயர் நீதிமன்ற உத்தரவுகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதில் சாதாரண மனிதர் வழி கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆனாலும் முன் அனுமதி வேண்டும் என்பதும், அனுமதி எண்ணையும் தேதியையும் பேனரின் அடியிலேயே அச்சிட வேண்டும் என்பதும் தெளிவாகவே இருக்கின்றன. வேண்டியவர் வைத்தால் அனுமதி தேவையில்லை என்றொரு பிரிவை மட்டும் நான் எங்கும் காணவில்லை. கண்டவர்கள் தயவுசெய்து அனுப்பி வைக்கவும்.

என் அப்பா பச்சைத் தேயிலை லாரி ஓட்டியவர். மூடுபனி இறங்கிவிட்டால் முகப்பு விளக்கின் வெளிச்சமே திரும்பி வந்து கண்ணைக் கூசவைக்கும் சாலையில், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டிய இடத்தை அவர் ஹாரன் சத்தத்தை வைத்தே கணித்த காலம் உண்டு. கண்ணாடிகள் வந்த பிறகுதான் அம்மா இரவில் நிம்மதியாகத் தூங்கினார். அந்தக் கண்ணாடியின் மேல்தான் இன்று ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் விழாவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் 23 வயதுப் பொறியாளர் ஒருவர் மீது சரிந்து விழுந்ததும் ஒரு குடும்ப விழாவுக்கு வைத்த பேனர்தான். அதற்கு முந்தைய டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் பேனர்களுக்கு இடைக்காலத் தடை விதித்திருந்தது. அது சமவெளி. இங்கே ஆடிக் காற்றில் கற்பூர மரமே வேரோடு சாய்கிறது, சவுக்குக் கம்பு எம்மாத்திரம்? பேனர் அச்சடிப்பவர்களின் பிழைப்பு என்னாவது என்றும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அனுமதி எண்ணையும் சேர்த்து அச்சடிப்பதால் யாருடைய பிழைப்பும் கெட்டுவிடாது.

மற்றவர்கள் வைத்தபோது நான் ஏன் பேசவில்லை என்று கேட்டதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது. என் தங்கை தன் வர்க்கிக் கடை வாசலில் வைத்திருந்த சின்னஞ்சிறு பலகையை ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனபோது, எந்த விதியின் கீழ் என்று அவள் அழுதுகொண்டே கேட்டதற்கு அந்த ஆட்களை அனுப்பிய அலுவலகத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அபராதம் கட்டித்தான் மீட்டாள். அப்போதும் எழுதினேன், இன்று பொங்குகிறவர்கள் அன்று ஒரு விருப்பக்குறிகூட இடவில்லை. மலையேறி வரும் சுற்றுலாப் பயணியின் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்கிறோம், நல்லதுதான். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக், பிவிசி பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறதே, அந்த பேனரின் தடிமனை யாராவது அளந்து பார்த்தார்களா? பாட்டில் கொண்டு வருபவர் வெளியூர்க்காரர், பேனர் கட்டுபவர் நம்மூர் அண்ணன் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் யாரோ இருப்பதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல். என் பின்னால் இருப்பது பத்து ரூபாய் கட்டணம் மட்டுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வளைவில் அந்தத் தேதியில் பேனர் வைக்க அனுமதி கேட்டவர் யார், கொடுத்தவர் யார், அதன் எண் என்ன என்று மனு எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை அனுப்புகிறேன். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரும் பதிலை இங்கேயே வெளியிடுவேன். அதுவரை பதிவை நீக்கச் சொல்லி யாரும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், நீக்கப் போவதில்லை.