ஒரே விஷயத்தை இரண்டு பக்கங்களில் கேட்கும் ஸ்விட்ச்

நான் கேட்டது பெரிய வரமா? ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் விலான் (VLAN). வீட்டுக் கணினிகள் ஒரு விலானில், கேமராக்களும் டிவியும் இன்னொன்றில், விருந்தாளிகளின் போன்கள் வேறொன்றில். அவ்வளவுதான். இதற்கான 802.1கியூ தரம் 1998-லேயே வெளிவந்துவிட்டது. ஃப்ரேம் என்னும் தரவுப் பொட்டலத்துக்குள் 4 பைட் டேக் (அடையாளச் சீட்டு), அதில் 12 பிட்டில் விலான் எண், 1 முதல் 4094 வரை எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இத்தனை எளிய சங்கதியை இவ்வளவு கேவலமாகத் திரையில் காட்ட இந்தத் தயாரிப்பாளர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

ஐந்தாவது போர்ட்டை விலான் 1-இலிருந்து எடுத்து, விலான் 20-இல் ‘அன்டேக்டு’ (டேக் இல்லாதது) என்று குறிக்கிறேன். ஸ்விட்ச்சும் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. கேமராவைச் செருகினால் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி! முகவரி வழங்கும் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவே இல்லை என்று அர்த்தம். ஏன்? பிவிஐடி என்று தனியாக ஒரு பக்கம் வேறு மெனுவுக்குள் பதுங்கியிருக்கிறது. நான் குறித்தது வெளியே போகும் ஃப்ரேம்களுக்கு மட்டுமாம். டேக் இல்லாமல் உள்ளே வருபவை எந்த விலானைச் சேரும் என்பதை பிவிஐடிதான் முடிவு செய்யுமாம். அங்கே இன்னும் 1 என்றே இருக்கிறது. கேமரா முகவரி கேட்டுக் கூவுவது விலான் 1-க்குள் போய்விடுகிறது. பதில் இந்தப் போர்ட்டுக்குத் திரும்ப வழியில்லை.

ஒரே ஒரு கேமரா தொங்கும் போர்ட்டுக்கு இந்த இரண்டு எண்ணும் எதற்காக வேறுபட வேண்டும்? வேறுபட்டால் ஓர் எச்சரிக்கையாவது காட்டக் கூடாதா? மூச்சு விடுவதில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. போர்ட்டை விலான் 1-இலிருந்து எடுக்காமல் விட்டிருந்தால் எல்லாம் ‘சரியாக’ வேலை செய்யும்! கேமரா ஜோராக முகவரி வாங்கிக்கொண்டு, எந்த நெட்வொர்க்கிலிருந்து அதைப் பிரிக்க நினைத்தோமோ அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். திரையோ 20 என்று சத்தியம் செய்யும்.

‘அப்ளை’ ஒரு பொத்தான், ‘சேவ்’ வேறெங்கோ இன்னொரு பொத்தான். ‘சேவ்’ அழுத்த மறந்து, மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

ரவுட்டர் மட்டும் என்ன யோக்கியம்? ஃபயர்வாலில் நாமாகத் தடை போடாதவரை, பல ரவுட்டர்கள் விலான்களுக்கிடையே தாராளமாகப் பாதை திறந்துவிடுகின்றன. தடை போட்டாலும் போடாவிட்டாலும், ஒரே அறையில் இருந்தும் போனுக்கு டிவி தென்படாது. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் தேடல் 224.0.0.251-க்குப் போகும் மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் செய்தி), விலானைத் தாண்டாது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு ரிஃப்ளெக்டரையும் நிறுவ வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, நிர்வாகப் பக்கம் எந்த விலானில் இருக்கிறதோ அதை மாற்றினால் ஸ்விட்ச் நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். பிறகு ரீசெட் துளைக்குள் ஊசியை விட்டு, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஜூனிபர் நிறுவனத்தின் நெட்வொர்க் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் உறுதிப்படுத்தாத மாற்றம் தானாகவே திரும்பிவிடும். அது பெரிய இடத்துச் சரக்கு என்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் ரவுட்டர் மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி கூட, மாற்றத்துக்குப் பிறகு தொடர்பு அறுந்தால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடுகிறது. காசு வாங்கிக்கொண்டு விற்பவர்களுக்கு என்ன கேடு?