அந்த வீடியோவில் காற்றுப்பை வெடிக்கவில்லை

"வென்டிலேட்டர் வைத்தாலே நுரையீரல் காற்றுப்பைகள் பலூன் மாதிரி வெடித்துவிடும், இந்த நுண்ணோக்கி வீடியோவே சாட்சி, அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைக்கச் சம்மதிக்கலாமா என்று தாராவியிலிருந்து கேட்ட தங்கை தயவுசெய்து அதை நம்ப வேண்டாம்.

இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் எலி, பன்றி போன்ற விலங்குகளை மயக்கி, மார்பைத் திறந்து எடுக்கப்படுபவை. மேற்பரப்பை ஒட்டிய சில காற்றுப்பைகள்தான் அதில் தெரியும். மனித நுரையீரலில் சுமார் 48 கோடி இருக்கின்றன! அப்புறம், அங்கே தெரிவது வெடிப்பும் அல்ல. காயப்பட்ட நுரையீரலில் சில பைகள் மூச்சு வெளியேறும்போது மூடிக்கொண்டு, அடுத்த மூச்சில் மறுபடி திறக்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் இப்படி நடந்தால் அவற்றின் சுவர் புண்ணாகும். அதனால்தான் மூச்சு வெளியேறிய பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைக்கிறார்கள். 'பீப்' என்பது அதுதான்.

சரி, ஆபத்தே இல்லையா? அளவு மீறினால் உண்டு. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறும் நிலை) நோயாளிகள் 861 பேர். ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி என்ற அளவில் காற்று கொடுத்த குழுவில் சுமார் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி குழுவில் 31 சதவீதம். இரண்டு குழுவுக்குமே வென்டிலேட்டர்தான். (அந்தக் கிலோ உயரத்தை வைத்துக் கணக்கிடுவது, தராசு காட்டும் எடை அல்ல.)

தங்கை, வேண்டாம் என்று சொல்வதற்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கிலோவுக்கு எத்தனை மில்லி, பிளேட்டோ அழுத்தம் (காற்றை உள்ளே செலுத்தி ஒரு கணம் நிறுத்தும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம்) 30-க்குள் இருக்கிறதா. இந்தியில் கேட்கத் தயக்கமாக இருந்தால், தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.