எய்ட்ஸ் மாத்திரைதான் ஆளைக் கொல்கிறதா?

"எச்.ஐ.வி.யால் எய்ட்ஸ் வராது, அதற்குத் தரும் மாத்திரைதான் ஆளைக் கொல்கிறது, பூண்டும் பீட்ரூட்டும் போதும்" என்றொரு பேச்சு பல வருடங்களாகச் சுற்றுகிறது. முழுத் தவறு. இதை ஓர் அரசே காதில் வாங்கியதால் நடந்ததைப் பாருங்கள்.

1999இல் தென்னாப்பிரிக்க அதிபரான தாபோ உம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் சாப்பிடச் சொன்னார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைப் பெருமளவு குறைக்கும் நெவிரபின் என்ற மருந்து அப்போதே இருந்தது. பிரசவ வலி வந்ததும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் சிரப். அவ்வளவுதான் வேலை. தயாரித்த நிறுவனம் இலவசமாகத் தரவும் முன்வந்தது. ஆனாலும் அரசு அதைச் சில இடங்களோடு நிறுத்திக்கொண்டது. 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

2000 முதல் 2005 வரை சிகிச்சை தாமதமானதால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, சுமார் 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இவை. நெஞ்சு பொறுக்கவில்லை.

சரி, மாத்திரைக்குப் பக்கவிளைவே இல்லையா? உண்டு, பழைய மருந்துகளில் அதிகமாகவே இருந்தது. ஆனால் நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்களை அழிப்பது கிருமி. அது பெருகாமல் தடுப்பது மாத்திரை. நம் ஊர் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை) மையங்களில் அது இலவசம். யார் சொன்னாலும் நடுவில் நிறுத்தாதீர்கள்.