28ஆவது தேர்வில் ரிசீவர் கேட்பவர்களுக்கு

2025 டிராஃப்ட் அன்று, அதாவது அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியன்று, நான் கைதட்டிய காணொளியை இந்நேரம் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஆகவே வியாழக்கிழமை இரவு என்ன நடந்தது என்று முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணி 28ஆவது தேர்வாக ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தடுக்கும் முன்வரிசை வீரர் டைலீக் வில்லியம்ஸ் பெயரை அறிவித்தபோது, ரிசீவரை, அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவரை, எதிர்பார்த்து அந்த வரவேற்பறையில் இருந்த அனைவரும் தலையில் கைவைத்துக்கொள்ள, நான் ஒருவன் மட்டும் கைதட்டினேன் என்பது உண்மை. அதைப் படம்பிடித்ததில்கூட எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. "அண்ணா கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆளு, விட்டுடுங்க, அவருக்கு இது புரியாது" என்று எழுதிப் பரப்பியதுதான் உறுத்துகிறது. அதற்குச் சிரிப்புக்குறி இட்டவர்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். எழுதியவர் வயதில் சிறியவர், பழகியவர். அவர் பெயரை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

முதலில் என் தரப்பைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வைட் ரிசீவரை முதல் சுற்றில் எடுப்பதே தவறு என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. தாக்கும் பக்கத்திலும் தடுக்கும் பக்கத்திலும் லைன், அதாவது மோதிக்கொள்ளும் முன்வரிசை, உறுதியாக நிற்கிற அணி முதல் சுற்றுத் தேர்வை ரிசீவருக்குச் செலவிடலாம். அப்படி நிற்காத அணி முதலில் லைனை எடுக்க வேண்டும். ரிசீவரை இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுகளில் தேட வேண்டும். பந்தை எறிபவனுக்கு எறிய நேரம் கிடைக்காவிட்டால், அதைப் பிடிப்பவன் உலகிலேயே சிறந்தவனாக இருந்தாலும் பயனில்லை. இதற்குமேல் எனக்குக் கொள்கை எதுவும் இல்லை.

இதை வேறு எந்த ஊரில் மறந்தாலும் டெட்ராய்ட்டில் மறக்கக் கூடாது. மேட் மில்லன் பொறுப்பில் இருந்த காலத்தில் இந்த அணி 2003இல் 2ஆவது தேர்வில் சார்லஸ் ராஜர்ஸையும், 2004இல் 7ஆவது தேர்வில் ராய் வில்லியம்ஸையும், 2005இல் 10ஆவது தேர்வில் மைக் வில்லியம்ஸையும் எடுத்தது. மூன்று ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் அணியின் முதல் தேர்வு, மூன்றும் ரிசீவர்கள். மைக் வில்லியம்ஸுக்கு அடுத்து, 11ஆவது தேர்வில் டாலஸ் எடுத்தது டெமார்கஸ் வேரை. அவர் இன்று மிகச் சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ராஜர்ஸ் இதே மிச்சிகனில், சாகினாவில் பிறந்து வளர்ந்தவர். கழுத்துப்பட்டை எலும்பு இரண்டு முறை முறிந்து, பதினைந்து ஆட்டங்களோடு அவருடைய தொழில்முறை வாழ்க்கை முடிந்துபோனது. அது அவருடைய துரதிர்ஷ்டம், அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மற்ற இருவருக்கும் சேர்த்து துரதிர்ஷ்டத்தைக் காரணம் காட்ட முடியாது. 2007இல் 2ஆவது தேர்வில் நான்காவதாகவும் ஒரு ரிசீவரையே எடுத்தார்கள்.

அந்த நான்காமவர் கால்வின் ஜான்சன். இங்கேதான் எல்லோரும் என்னைப் பிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். கால்வின் ஜான்சனைப் பற்றி என்னிடம் ஒரு குறைச்சொல்கூட இல்லை. அவரைப் போன்ற இன்னொரு ரிசீவரை என் வாழ்நாளில் பார்ப்பேனா என்பது சந்தேகம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2008இல் அவர் 1,331 யார்டும் 12 டச்டவுனும் (பந்தோடு எதிரணி எல்லைக்குள் நுழைந்து எடுக்கும் புள்ளி) எடுத்தார், அணி 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2012இல் 1,964 யார்டு எடுத்து ஒரே பருவத்தில் அதிக யார்டு எடுத்த சாதனையைப் படைத்தார், அணிக்கு 4 வெற்றி, 12 தோல்வி. ஒரு பிளேஆஃப் வெற்றியைக்கூடக் காணாமல் ஓய்வுபெற்றார். அவருக்கு அடுத்து, 3ஆவது தேர்வில் கிளீவ்லாந்து எடுத்த, லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் ஜோ தாமஸும் ஹால் ஆஃப் ஃபேமில்தான் இருக்கிறார். தாமஸ் இருந்தும் கிளீவ்லாந்து என்ன சாதித்தது என்று கேட்பீர்கள். அங்கே எறிவதற்கு நல்ல குவார்ட்டர்பேக் இல்லை. அது வேறு நோய்.

அந்த 2008ஐ நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்போதுதான் மிச்சிகனுக்கு வந்திருந்தேன். லயன்ஸின் மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் டிக்கெட் விற்றுத் தீராததால் சில ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டவே மாட்டார்கள். தொழிற்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த, ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த ஒரு பெரியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டு அடித்தளத்தில் உட்காரவைத்து எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்ன முதல் பாடம், பந்தைப் பார்க்காதே என்பது. பந்து கையைவிட்டுப் போகும்வரை முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பார், அவர்களுடைய கால் பின்னால் போகிறதா, நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார், மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பார். அக்டோபரில் மினசோட்டாவில் நடந்த ஆட்டத்தையும் அங்கேதான் பார்த்தோம். நம் குவார்ட்டர்பேக் டான் ஒர்லோவ்ஸ்கி, துரத்திவரும் ஜேரட் ஆலனிடமிருந்து தப்பிப்பதற்காகப் பின்னால் ஓடி ஓடி, மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனின் பின்கோட்டைத் தாண்டியதுகூடத் தெரியாமல் வெளியே ஓடிக்கொண்டிருந்தார். அதற்காக எதிரணிக்குக் கிடைத்த இரண்டு புள்ளி வித்தியாசத்தில்தான் 12-10 என்று தோற்றோம். அறையில் எல்லோரும் ஒர்லோவ்ஸ்கியை ஏசினார்கள். பெரியவர் மட்டும் எழுந்துபோய்த் திரையில் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "தவறு இங்கே தொடங்கியது" என்றார். இந்த ஆட்டத்தை எனக்கு அவர் கற்றுக்கொடுத்தார், கிரிக்கெட் கற்றுக்கொடுக்கவில்லை.

சரி, பழைய கதை வேண்டாம், 2021ஐப் பேசு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாராளமாகப் பேசலாம். சின்சினாட்டி 5ஆவது தேர்வில் டாக்கிள் பெனெய் சூவலை விட்டுவிட்டு ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது. அந்தப் பருவத்திலேயே இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. சேஸ் 1,455 யார்டும் 13 டச்டவுனும் எடுத்துச் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் பெற்றார். இதை மறுக்க நான் யார்? ஆனால் அதே பருவத்தில் லீகிலேயே அதிகமாக, 51 முறை, தரையில் சாய்க்கப்பட்ட குவார்ட்டர்பேக் அவர்களுடைய ஜோ பர்ரோ. டென்னசிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் மட்டும் ஒன்பது முறை, சூப்பர் பவுலில் ஏழு முறை. அந்தக் கடைசி ஆட்டத்தின் கடைசி முயற்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். 23-20 என்று ராம்ஸ் முன்னிலை, நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, தேவை ஒரு யார்டு. வெளி ஓரத்தில் ஜேலன் ராம்சி தடுமாறி விழ, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் யாருமே இல்லை. பர்ரோ அந்தப் பக்கம் எறிய வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஆரன் டொனால்ட் லைனை உடைத்துக்கொண்டு வந்து அவரைப் பிடித்துச் சுழற்றிவிட்டார். பந்து எங்கோ போய் விழுந்தது. சேஸின் மீது பிழையே இல்லை. பர்ரோவுக்கு இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் அந்த ஊரில் இன்று ஒரு கோப்பை இருந்திருக்கும். அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே என்ன நடந்தது? சின்சினாட்டி விட்டுவைத்த சூவலை 7ஆவது தேர்வில் லயன்ஸ் எடுத்தது. அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில், 112ஆவது தேர்வில், அமான்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தது. அவருக்கு முன்னால் பதினாறு ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். அந்தப் பதினாறு பெயர்களையும் அவர் இன்றுவரை மனப்பாடமாகச் சொல்வார். 2023இல் 1,515 யார்டு எடுத்தார். முதலில் டாக்கிள், பிறகு பொறுமையாக ரிசீவர் என்ற என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எங்கே போய்த் தேடுவது? நம் கண்ணெதிரே, நம் அணியிலேயே நடந்திருக்கிறது.

மினசோட்டாவின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் 22ஆவது தேர்வு, அவர் மட்டும் வீணா என்று கேட்கிறார்கள். வீண் இல்லை, மிகச் சிறந்த தேர்வு. ஆனால் முதல் ஐந்து பருவங்களில் அவர் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூட வென்றதில்லை. 2025 ஜனவரியில் ராம்ஸிடம் 27-9 என்று தோற்றபோது குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட் ஒன்பது முறை சாய்க்கப்பட்டார். அடுத்த மாதம் நடந்த சூப்பர் பவுலையும் பாருங்கள். கான்சஸ் சிட்டி முந்தைய ஆண்டு முதல் சுற்றில் எடுத்த ரிசீவர் சேவியர் வொர்தி 157 யார்டும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். ஆனால் லெஃப்ட் டாக்கிளுக்கு ஆள் இல்லாமல், டாக்கிளுக்கு உள்பக்கம் கார்டாக விளையாடும் ஜோ தூனியை அங்கே நிறுத்தியிருந்தார்கள். குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆறு முறை விழுந்தார், அணி 40-22 என்று தோற்றது. பாடம் படித்த கான்சஸ் சிட்டி இந்த வியாழக்கிழமை இரவு 32ஆவது தேர்வில் எடுத்தது டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸை. அதற்குள் நம் வரவேற்பறையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்கள்.

கிரீன் பே கூட ரிசீவர் மேத்யூ கோல்டனை எடுத்துவிட்டதே என்பது அடுத்த வாதம். ஆம், எடுத்தது, 23ஆவது தேர்வில், டிராஃப்ட் நடந்த சொந்த ஊரில், கூட்டம் ஆர்ப்பரிக்க. 2002இல் ஜேவன் வாக்கரை எடுத்த பிறகு அவர்கள் முதல் சுற்றில் எடுக்கும் முதல் ரிசீவர் இவர். இடைப்பட்ட காலத்தில் கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ராண்டல் காப், தவாந்தே ஆடம்ஸ் நால்வரையும் இரண்டாம் சுற்றில்தான் எடுத்தார்கள். முதல் இருவரோடு ஒரு சூப்பர் பவுலையும் வென்றார்கள். என்னை மறுக்கக் கொண்டுவந்த சான்று எனக்கே சாட்சி சொல்கிறது.

2022இல் நம் அணியே மினசோட்டாவுடன் பேரம் பேசி 32இலிருந்து 12க்கு ஏறி ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்ததே, அதை ஏன் மறைக்கிறாய் என்று கேட்டவருக்கு: மறைக்கவில்லை. அப்போது டெய்லர் டெக்கர், ஃபிராங்க் ராக்னோ, சூவல் என்று முதல் சுற்றில் எடுத்த மூன்று பேர் லைனில் நின்றுகொண்டிருந்தார்கள். அடித்தளம் போட்ட பிறகு மாடி கட்டினார்கள். அப்படியும் வில்லியம்ஸ் ஆயிரம் யார்டைத் தொட மூன்றாவது பருவம் ஆனது.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த வாதம் ஒன்றே ஒன்று. 2024 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில், 24-7 என்று முன்னிலையில் இருந்த நம் அணி 34-31 என்று தோற்றது. அன்று நான்காவது டவுனில் ஜாஷ் ரெனால்ட்ஸ் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். அங்கே ஒரு முதல் சுற்று ரிசீவர் இருந்திருந்தால் பிடித்திருப்பாரே என்கிறார்கள். பிடித்திருக்கலாம். அந்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் 27 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது ரெனால்ட்ஸ் அல்ல. 2025 ஜனவரியில் வாஷிங்டனிடம் 45 புள்ளிகளை விட்டுக்கொடுத்ததும் எந்த ரிசீவரும் அல்ல. அன்று நம் தடுப்பு லைனின் ஏய்டன் ஹட்சின்சன் கால் முறிந்து வீட்டில் இருந்தார், அலீம் மெக்நீல் முழங்கால் தசைநார் கிழிந்து வீட்டில் இருந்தார். நடுவில் நிற்க ஆள் இல்லை. அந்த இடத்துக்குத்தான் 28ஆவது தேர்வில் டைலீக் வில்லியம்ஸ் வந்திருக்கிறார். கைதட்டியது அதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லைனில் நிற்பவர்களை இந்த ஊர் மக்கள் பார்ப்பதே இல்லை. அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வருவது தவறு செய்யும்போது மட்டும்தான். "ஒரு குண்டனை எடுத்துவிட்டார்கள்" என்று வியாழக்கிழமை இரவு சிரித்தீர்களே, அந்த இளைஞன் தன் பெயரைச் சொல்லக் கேட்பதற்காகக் குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவன். வேலை செய்பவன் ஒருவன், பெயர் வாங்குபவன் இன்னொருவன் என்ற வழக்கத்தைத் தொழிற்கூடத்தில் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். ஆட்டத்திலும் அதையே பார்க்கும்போது கோபம் வருகிறது. இந்தக் கோபம் உங்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்தால், அதற்கு நான் எதுவும் செய்ய முடியாது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்றில் கார்டு டேட் ராட்லெட்ஜ் வந்தார். கெவின் ஸைட்லர் போன இடத்துக்கு அவர் தேவை. மூன்றாம் சுற்றில், 70ஆவது தேர்வில், நீங்கள் கேட்ட ரிசீவரும் வந்துவிட்டார்; ஐசக் டெஸ்லா, நம் மிச்சிகன் பையன். அவருக்காக அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டைக் கொடுத்தது அதிக விலை என்று நினைக்கிறேன். ஆனால் சுற்று சரியான சுற்று, வரிசை சரியான வரிசை: லைன், லைன், பிறகு ரிசீவர்.

டெக்கர் 2016இல் எடுக்கப்பட்டவர். அவருக்குப் பிறகு இடது பக்கத்தில் யார் நிற்பார் என்பதற்கு 2025 டிராஃப்டிலும் விடை கிடைக்கவில்லை. 2026 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் டிராஃப்ட் நடக்கும்போது அந்த விடை கிடைக்காமல் இருந்தால், முதல் சுற்றில் எவ்வளவு பெரிய ரிசீவர் மீதம் இருந்தாலும் நான் டாக்கிளைத்தான் கேட்பேன். அதை மறுப்பவர்கள் ஆண்டையும் தேர்வு எண்ணையும் பெயரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இதே பதிவின் கீழே உட்கார்ந்து விடியவிடியப் பேசத் தயாராக இருக்கிறேன். நான் எந்த ஆட்டம் பார்த்து வளர்ந்தேன் என்பதை மட்டும் கொண்டுவருபவர்களுக்கு இனி என்னிடமிருந்து பதில் வராது.