கப்பலில் விற்கிற முற்பணச் சீட்டு: வாங்கட்டோ மாமி?

போன கிழமை இரவு, லண்டனில் இருக்கும் தம்பியின் மகள் மத்தியதரைக் கடலில் எங்கேயோ மிதந்துகொண்டு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாள். “மாமி, இஞ்ச கப்பலில ஒரு மேசை போட்டு அடுத்த பயணத்துக்குச் சேர்ட்டிபிகேட் விக்கினம். இப்ப 100 டொலர் கட்டினா பிறகு புக் பண்ணேக்க முற்பணம் குறைவாம். மேல 50 டொலர் கப்பலில செலவழிக்கவும் தருவினமாம். நீங்களும் முந்தி வாங்கினனீங்கள்தானே? வாங்கட்டோ?”

வாங்கினேன்தான். அந்தக் கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை, என்னை மறக்க விடுவதாகவும் இல்லை.

பதில் எழுதத் தொடங்கினால் நீண்டுகொண்டே போனது. கப்பல் வைஃபைக்குக் காசு கட்டிவிட்டு அவள் என் புராணத்தைப் படிப்பது பாவம். அதனால் இங்கே எழுதுகிறேன். இப்போது திருகோணமலையிலிருந்தும் வெளிநாட்டுச் சகோதரங்கள், பிள்ளைகள் கூப்பிட்டு ஆட்கள் கப்பலேறுகிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும்.

2019 டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்து, எங்கள் இரண்டு பேரையும் சிங்கப்பூரில் ஒரு கப்பலில் ஏற்றினார்கள். பிறந்ததிலிருந்து உள்துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை வெளியே நின்று பார்த்தவள் நான். உள்ளே நின்று வெளியே பார்த்தது அன்றைக்குத்தான். மூன்றாம் நாள் இரவு, சாப்பாடு முடிந்து வருகிற வழியில் அந்த மேசை. எங்கே மேசை போட வேண்டும், எந்த நாளில் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு வடிவாகத் தெரியும். மூன்று நாளாக நான் சமைக்கவில்லை, கோப்பை கழுவவில்லை, விடிய எழும்பி ஒருவருக்கும் தேத்தண்ணி ஊற்றவில்லை. அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் எதையும் விற்கலாம்.

அக்கா விலையே கேட்காமல் இரண்டு எடுத்தாள். அவளுக்கு முன்னால் நான் பின்வாங்குவதா? இவர் “யோசிச்சுச் செய்” என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விட்டார். ஆளுக்கு 100, இரண்டு பேருக்கு 200 டொலர், என் கார்டில் போட்டாயிற்று. அப்போது டொலர் 181 ரூபா அளவில் இருந்தது. 36,000 ரூபா சொச்சம்.

அது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். சேர்ட்டிபிகேட் என்றால் எங்களுக்குப் பிறப்பு, விவாகம், இறப்பு இந்த மூன்றுக்கும்தான் ஞாபகம் வரும். இது அந்த வகை அல்ல, வெறும் பற்றுச்சீட்டு. இன்னும் எந்தக் கப்பல், எந்தத் திகதி என்று தீர்மானிக்காத பயணத்துக்கு முன்கூட்டியே கட்டும் காசு. எங்களுக்குச் சொன்ன கணக்குப்படி ஏழு நாள் பயணத்துக்கு வழக்கமான முற்பணம் ஆளுக்கு 250 டொலர். இந்தச் சீட்டு இருந்தால் அதற்குப் பதிலாக 100 போதும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். முற்பணம்தான் குறைகிறது, கட்டணம் குறையவில்லை. ஆயிரம் டொலர் பயணம் ஆயிரம் டொலர்தான். 250 கட்டிவிட்டு மிச்சம் 750 கட்டுகிறவர் ஒருவர், 100 கட்டிவிட்டு மிச்சம் 900 கட்டுகிறவர் இன்னொருவர். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே அந்த மிச்சம் முழுவதையும் கேட்பார்கள். ஆக அந்த 150 டொலர் கொஞ்ச மாதம் கூடுதலாக உங்கள் கையில் இருக்கும், அவ்வளவுதான் சலுகை. உண்மையான லாபம் அந்த 50 டொலர் கப்பல் காசு. அதையும் கப்பலுக்குள்ளேயேதான் செலவழிக்க வேண்டும், குடிவகை, கரைச் சுற்றுலா, மசாஜ் என்று. செலவழிக்காமல் இறங்கினால் பெரும்பாலும் போனது போனதுதான்.

சரி, என் சீட்டுக்கு என்ன நடந்தது? இரண்டு வருடத் தவணை. மூன்றாம் மாதமே, 2020 மார்ச்சில், உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றுவிட்டன. அப்போது சில பெரிய கம்பனிகள், ரத்தான பயணத்தின் காசைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த பயணத்துக்கு விட்டு வைத்தால் 125 வீதமாக வரவு வைப்பதாகச் சொன்னார்கள். காசைக் கையில் கொடுப்பதைவிட வாக்குறுதி கொடுப்பது அவர்களுக்கு மலிவு. எனக்கு அதுவும் இல்லை, தவணையை மட்டும் நீட்டித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நன்றி என்று பதில் போட்டேன், அதைப் படித்தவர் யாரோ தெரியாது.

பிறகு 2022. அந்த வருடத்தைப் பற்றி இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்தோம். டொலர் 200 இலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. முந்திய வருடம் 1,493 ரூபாவுக்கு வாங்கிய 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860. அந்த நேரத்தில் ஒரு நாள் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “உன்ர கப்பல் சீட்டுத்தான் இந்த வீட்டில இருக்கிற ஒரே நல்ல முதலீடு.” கணக்குப் பார்த்தால் சரிதான்! 36,000க்கு வாங்கினது 72,000 பெறுமதி. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றால் மிச்சக் கட்டணத்தையும் டொலரில் கட்ட வேண்டுமே. 200 டொலரை விழுங்கிய கம்பனிக்கு இன்னும் ஆயிரக்கணக்கில் கொடுத்தால்தான் அந்த 200 உயிர்க்கும். பசுவைக் கட்டிவிட்டுக் கன்றுக்குக் காத்திருக்கிற மாதிரியும் இல்லை, கயிறை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பசுவுக்குக் காத்திருக்கிற மாதிரி.

நீட்டித்த தவணையும் 2023இல் முடிந்தது. நல்ல காலம், என்னுடையது திருப்பித் தரும் வகை. வாங்கிய கார்டுக்கே காசு வரும் என்று எழுதியிருந்தது. அந்தக் கார்ட் 2021இலேயே காலாவதியாகி நம்பர் மாறிவிட்டது. கம்பனி அனுப்பிவிட்டோம் என்கிறது, வங்கி வரவில்லை என்கிறது. பதினான்கு மின்னஞ்சல், எண்ணி வைத்திருக்கிறேன். வங்கியில் ஒரு தம்பி பழைய கணக்கைத் தோண்டிப் பார்த்து, நாலு மாதம் கழித்துக் காசு வந்து சேர்ந்தது. ரூபாவில் 63,000 சொச்சம். வீட்டில் ஒரே சிரிப்பு, லாபம் என்று. அந்தக் காசுக்கு 2019இல் என்ன வாங்கியிருக்கலாம் என்று நான் யோசிக்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் இந்தச் சீட்டுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அக்காவைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, சில நேரம் இரண்டு தடவை போகிறாள். எப்போதும் அதே கம்பனி. கனேடியக் கடவுச்சீட்டு. ரிட்டயர் ஆன ஆட்கள், லீவு கேட்கத் தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு மூன்று பயணங்களுக்கு முன்கூட்டியே அறை பிடித்து வைக்கிறவளுக்கு ஒவ்வொன்றிலும் 150 டொலர் குறைவாக முடங்கிக் கிடப்பது பெரிய விசயம். அவள் ஒரு சீட்டையும் வீணாக்கியதில்லை. தனக்குப் பயணம் பார்த்துக் கொடுக்கும் முகவரிடமே அந்தச் சீட்டு நம்பரைக் கொடுத்து புக் பண்ணுவாள், அதனால் முகவர் தரும் சலுகையும் போகாது. கப்பலில் விற்கிற பிள்ளை இதையெல்லாம் தானாகச் சொல்லாது, கேட்டால் சொல்லும்.

அக்காவுக்கு நல்லது எனக்கும் நல்லது என்று நினைத்ததுதான் என் பிழை. சின்னனில் அவளுடைய சட்டையைப் போட்டு வளர்ந்த பழக்கம்.

எங்கள் கடவுச்சீட்டோடு ‘அடுத்த பயணம்’ என்பது வேறு சொல். சிங்கப்பூருக்கு விசா இல்லாமல் போகலாம், அந்த மட்டில் சந்தோசம். மருமகள் இப்போது மிதக்கிற பக்கம் நான் போவதென்றால் ஷெங்கன் விசா, 2024 ஜூனிலிருந்து கட்டணம் மட்டும் 90 யூரோ. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வங்கிக் கூற்று, காணி உறுதி, பென்சன் கடிதம் எல்லாம் காட்டி, கைரேகை வைத்துவிட்டு வர வேண்டும். கரீபியன் பக்கம் என்றால் கப்பல் பெரும்பாலும் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பும், அதற்கு அமெரிக்க விசா. 50 டொலர் கப்பல் காசுக்காக 90 யூரோ விசா! இதைக் கப்பலில் அந்த மேசைக்கு முன்னால் ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொரு விசயம், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. சீட்டுப் பிடிக்கிற அக்காவை எங்களுக்குத் தெரியும், அவவின் படலை தெரியும், பத்திரகாளி கோயில் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டும் என்ற பயம் அவவுக்கும் இருக்கும். அப்படியிருந்தும் ஓடினவர்கள் உண்டு. கப்பல் கம்பனிக்கு நாங்கள் கொடுப்பதும் வட்டியில்லாக் கடன்தான், படலை மட்டும் எங்கே என்று தெரியாது. கம்பனி பெரிது, விழாது என்று நினைக்க வேண்டாம். நான் போனதற்கு இரண்டு வருடம் கழித்து, 2022 ஜனவரியில், அதே சிங்கப்பூரிலிருந்து ஓடிய ட்ரீம் குரூஸின் தாய்க் கம்பனி ஜென்டிங் ஹொங்கொங் கடனில் மூழ்கி நீதிமன்றத்துக்குப் போனது. சொகுசுக்குப் பெயர்போன கிறிஸ்டல் குரூஸும் அந்தக் கம்பனியுடையதுதான், அதே மாதம் ஓட்டத்தை நிறுத்தியது. அப்படியான நேரத்தில் முற்பணம் கட்டியவரும் கடன்கொடுத்தோர் வரிசையில்தான் நிற்க வேண்டும், வங்கிகளுக்குப் பின்னால்.

ஆகவே மருமகளே, நேரே உனக்கு. நீ பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரி. இரண்டு வருடத்துக்குள் மறுபடி போவீர்களா என்பதுதான் கேள்வி, ‘போகலாம்’ என்ற நினைப்பு கணக்கில் வராது. இந்தப் பயணத்துக்கு முன்னால் எத்தனை தடவை போனீர்கள் என்று எண்ணிப் பார். முதல் தடவை என்றால் பொறு, கரையில் இறங்கி உடுப்புத் தோய்த்த பிறகும் ஆசை இருக்கிறதா பார். திருப்பித் தரும் வகையா, தராத வகையா என்று கேள், தராத வகை என்றால் கையை எடு. உன் பெயருக்கு எழுதினால் தங்கச்சி பயன்படுத்தலாமா என்று கேள், பெரும்பாலும் முடியாது. இணையத்தில் அவர்களே அடிக்கடி போடும் மலிவுக் கட்டணத்தோடு இதைச் சேர்க்கலாமா என்றும் கேள். சில மலிவுக் கட்டணத்தில் சீட்டு வேலை செய்யாது, அப்போது சீட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றே கூடின விலைக்கு டிக்கெட் எடுப்பாய். அதோடு, நான் முட்டாள்தனமாக விட்டது: காலாவதி கிட்ட இருக்கிற கார்டில் வாங்காதே.

“இன்றைக்கு மட்டும்தான்” என்று சொல்வார்கள். இறங்கும் நாள் காலை வரை விற்பார்கள்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா எம்பிரஸ் எங்கள் துறைமுகத்துக்கு வந்ததே, ஞாபகம் இருக்கும். 1990இல் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கி, பெயர் மாறி மாறி வந்த பழைய கப்பல். அதில் வந்த ஆட்கள் பஸ் பஸ்ஸாகக் கோணேசர் கோயிலடியில் இறங்கி, கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு நின்ற ஒரு தம்பதி, அடுத்த முறை அந்தமானோ இலட்சதீவோ என்று தங்களுக்குள் கதைத்தார்கள். அவர்கள் முகத்தில் நான் சிங்கப்பூர்க் கப்பலில் மூன்றாம் நாள் இரவு வைத்திருந்த அதே முகம். ஏதாவது சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை எழுதி முடித்துவிட்டு மருமகளுக்குச் சுருக்கமாக ஒரு வரி போட்டேன்: “வாங்கிறதெண்டா ஒண்டு மட்டும் வாங்கு. சீட்டின்ர பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, நான் வாசிக்கிறன்.” வைஃபை முடிந்துவிட்டது போலிருக்கிறது. ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது.