காந்த நியூரான் சிந்திக்கிறதா?

“பிரெஞ்சு இயற்பியலாளர் ஜூலி க்ரோலியே உருவாக்கிய காந்தச் சில்லு மனித மூளைபோலச் சிந்திக்கிறது, பேச்சைப் புரிந்துகொள்கிறது” என்ற தகவல் பகிரப்படுகிறது. இது தவறு.

2017-இல் அவரது குழு நேச்சர் இதழில் வெளியிட்டது வேறு. சில நூறு நானோமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு காந்த அலையியற்றி (மின்னோட்டம் பாயும்போது சீராக அதிரும் நுண்கருவி), ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்களை அடையாளம் கண்டது. மிகச் சிறந்த துல்லியம் 99.6 சதவீதம். பத்து சொற்கள், அவ்வளவுதான். பொருள் புரிந்து அல்ல, ஒலியின் வடிவத்தை வைத்து. அந்த ஒற்றை அலையியற்றியையே அடுத்தடுத்த நேரத் துண்டுகளில் பயன்படுத்தி 400 நியூரான்கள் (மூளையின் நரம்புச் செல்கள்) போல நடக்க வைத்தார்கள். ஒலியைப் பிரித்துக் கொடுத்ததும், கடைசியில் விடையைக் கணக்கிட்டதும் சாதாரணக் கணினிதான்.

சரி, அப்படியானால் இது சின்ன விஷயமா? இல்லவே இல்லை! எலக்ட்ரான்களின் ஸ்பின் (அவற்றை நுண்ணிய காந்தங்கள்போல நடக்க வைக்கும் பண்பு) ஒரு காந்தப் படலத்தை அசைக்கும் விளைவை, 2007 நோபல் பரிசாளர் ஆல்பர்ட் ஃபெர்ட்டிடம் முனைவர் ஆய்வு செய்த காலத்திலேயே அவர் ஆராய்ந்தார். அந்த அசைவையே நியூரானாக மாற்றியது பல ஆண்டு உழைப்பு. இல்லாத பெருமையை ஒட்டினால், இந்த உண்மையான சாதனை மறைந்துபோகிறது. அடுத்து 2018-இல், நான்கு அலையியற்றிகளை இணைத்து உயிரொலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள்.