மேடைக்கு அழைக்கப்படாத கணக்குப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் நிகழ்ச்சியைத் தொகுத்தவர் மைக்கைப் பிடித்து, “படைப்புக் குழுவை மேடைக்கு அழைக்கிறோம்” என்றார். இயக்கியவர், எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர் மூவரும் ஏறினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஒலிப்பதிவு செய்கிறவன். வலது ஸ்பீக்கர் ஏன் இரைகிறது என்ற கவலையில் கீழேயே இருந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், எங்கள் கணக்குப்பிள்ளை கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று காபித் தம்ளர்களை எண்ணி மண்டபக்காரரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கணக்குப்பிள்ளை என்பது நாங்கள் வைத்த பெயர். அவருடைய தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதியவர். பேரன் எங்கள் கம்பெனியின் வரவு செலவை நீளவாக்கு நோட்டில் எழுதுகிறார். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மொத்தம் ஐந்து பேர். கோட்டையூரில் ஒரு பழைய வீட்டு முகப்புதான் ஆபீஸ்.

மேடையில் ஒரு பேராசிரியர் கேட்டார், “அந்தப் பாத்திரபண்டம் எண்ணுகிற காட்சி எப்படித் தோன்றியது?” படத்தில் கைதட்டல் விழுந்தது அந்த ஓர் இடத்தில்தான். எங்கள் இயக்குநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதும்போது தானாக வந்தது” என்றார்.

தானாக வரவில்லை நண்பா. வந்த வழி எனக்குத் தெரியும்.

திரைக்கதையின் முதல் பிரதியில் அங்கே ஒரு கல்யாணப் பந்தி இருந்தது. இருநூறு பேர், வளவு முற்றம் நிறைய இலை, மேளம், எல்லாம். கணக்குப்பிள்ளை ஆட்கூலி, சாப்பாடு, பந்தல், வீட்டு வாடகை என்று நான்கு வரி எழுதினார், கீழே கோடு போட்டார், கூட்டினார். நோட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். யாரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: “கல்யாணத்தைக் காட்ட வேண்டாம். மறுநாள் சாயங்காலம் பாத்திரம் எண்ணுவதைக் காட்டுங்கள்.”

செட்டிநாட்டு வீடுகளை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகலாம். இங்கே கல்யாணம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகுதான் வீட்டுப் பெண்களுக்கு உண்மையான வேலை. அண்டா, தவலை, தாம்பாளம், போகணி என்று ஒவ்வொன்றையும் துலக்கி, கவிழ்த்து, அடியில் பொறித்திருக்கும் விலாசத்தை, அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகளை, பார்த்து, நம்முடையதா இரவல் வந்ததா என்று பிரித்து, எண்ணி அறைக்குள் வைக்க வேண்டும். கணக்குப்பிள்ளையின் அம்மா அப்படிப்பட்ட வீடுகளில் வேலை செய்தவர். எட்டு வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கையைச் சிலேட்டில் எழுதியது இவர்தான். ஒரு போகணி குறைந்தால் வீட்டில் என்ன பேச்சு எழும், யார் முகத்தை முதலில் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்களில் யாருக்கும் அது தெரியாது. படத்தில் 63 பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் 62 இருக்கிறது. அந்த ஒன்றுதான் எங்கள் கதை. பணம் இருந்திருந்தால் பந்தியை எடுத்திருப்போம், எல்லாப் படத்திலும் வருகிற பந்தியாக அது இருந்திருக்கும்.

இன்னொன்று. “அந்தத் தரை முழுக்கப் பாத்திரம் பரப்பிய ஃபிரேம் அற்புதம்” என்று ஒளிப்பதிவாளருக்கு ஒரு பாராட்டு விழுந்தது. அதன் ரகசியத்தையும் உடைத்துவிடுகிறேன். படப்பிடிப்பு என்றதும் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி அன்பு மிகுதியில் பட்டாலை என்கிற கூடத்துத் தரையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்துவிட்டார். ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்கெனவே கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது, எண்ணெயும் பட்டால் கேட்கவே வேண்டாம். என் மைக் கம்பு தரையில் அப்படியே தலைகீழாகத் தெரிந்தது. கம்பை உயர்த்தினால் குரல் கூடத்து எதிரொலியில் கரைந்துவிடும். கீழே இறக்கினால் படத்தில் விழும். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு மைக் தெரிகிற கல்லின் மேலெல்லாம் பாத்திரத்தை வைத்து மறைத்தோம். அந்த ஃபிரேமில் பாதி பங்கு ஆச்சியின் எண்ணெய்த் துணிக்கு.

வளையல் சண்டையும் உண்டு. பாத்திர ஓசையோடு கண்ணாடி வளையலும் சேர்ந்தால் என் பதிவு பாழ், கழற்றச் சொல்லுங்கள் என்றேன். உடை பார்த்துக்கொள்ள வந்த தங்கை மறுத்துவிட்டார். கல்யாணம் நடந்த வீட்டில், அதுவும் மறுநாளே, எந்தப் பெண் வளையலைக் கழற்றுவாள் என்று கேட்டார். கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிவிட்டு, கையை மொட்டையாக விட முடியாது என்றார். தோற்றது நான்தான். இப்போது கேட்டால் அந்தக் காட்சிக்கு வளையல்தான் தாளம். இவரும் மேடையில் இல்லை.

இந்த ஊரில் சினிமா என்று வாயெடுத்தால் எல்லோரும் ஏவி.எம்மில் போய் நிற்பார்கள். நிற்க வேண்டியதுதான். கோடம்பாக்கம் போவதற்கு முன்பு மெய்யப்பன் ஸ்டூடியோ வைத்திருந்தது இதே காரைக்குடியில், தேவகோட்டை சாலையில். 1947இல் வந்த நாம் இருவர் இங்கே எடுத்த படம். இயக்கம் அவர் பெயரில் வந்தது. ஆனால் மூலக்கதை ப. நீலகண்டனின் நாடகம், பாட்டு பாரதியுடையது, பாடியவர் பட்டம்மாள், ஆடியவர் கமலா. யாரை எதற்கு அழைப்பது என்று தெரிந்திருந்ததுதான் அந்த மனிதரின் படைப்பு என்று நான் சொல்வேன். இன்னொரு பக்கம், சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். அவரைவிடப் பெரிய படைப்பாளி யார்? சொந்தப் படம் எடுத்துப் பட்ட கடனை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் எடுத்த சிவகங்கைச் சீமை 1959இல் வந்தது, சிவாஜியின் வீரபாண்டிய கட்டபொம்மன் வந்த அதே ஆண்டில். பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்து, “ஐயா, நாலு மாதம் தள்ளி விடுவோம்” என்று சொல்லியிருந்தால் என்று சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். என் அதிகப்பிரசங்கித்தனம், மன்னிக்கவும்.

சட்டத்தைக் கேட்டால் அது வேறு கூத்து. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். சுவரொட்டியைக் கேட்டால் இயக்குநர். நாங்கள் ஐந்து பேரும் கூட்டாளிகளாகப் பதிவு செய்திருக்கிறோம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமம், நஷ்டமும் சமம் என்கிறது. இதுவரை நஷ்டத்தைச் சமமாகத்தான் பிரித்திருக்கிறோம். பொன்னாடை வரும்போது மட்டும் மூன்று பேர்.

நகரத்தாரிடம், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களிடம், புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. கல்யாணம் ஆனால் கோயில் பதிவில் ஒரு குடும்பம், அதாவது ஒரு புள்ளி. மாளிகை கட்டியவரும் ஒரு புள்ளி, மாளிகையை விற்றுத் தின்றவரும் ஒரு புள்ளி. நான் அந்தச் சமூகம் இல்லை, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

அதற்காக எல்லோரும் எல்லாம் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. படப்பிடிப்பில் ஒரு குரல்தான் இருக்க வேண்டும். ஐந்து பேரும் ‘கட்’ சொன்னால் தெருநாய்கூட நடிக்காது. எங்கள் இயக்குநர் வெயிலில் நின்று படத்தில் நடித்த பாட்டியம்மாவிடம் பதினோரு டேக் வாங்கிய பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அவர் கெட்டவரும் இல்லை. மேடை விளக்கு முகத்தில் அடித்தால் யாருக்கும் ‘தானாக வந்தது’ என்றுதான் வாயில் வரும்போல.

நேற்று இரவு முகப்பில் உட்கார்ந்து இதை இயக்குநரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த படத்தில் ‘இன்னாரின் படம்’ என்ற அட்டையே வேண்டாம், ஐந்து பெயரையும் ஒரே அளவில் அகர வரிசையில் போடுவோம் என்று அவரே சொன்னார். எழுதியவர் உடனே முறைத்தார். அவர் பெயர் வகரத்தில் தொடங்குகிறது. கணக்குப்பிள்ளையின் பெயர் அகரத்தில். கணக்குப்பிள்ளையோ நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “மண்டபத்தில் ரெண்டு தம்ளர் குறைகிறதாம், யார் எடுத்தீர்கள்?” என்று கேட்டார்.